செவி கேளாத கவிஞர் எழுப்பிய கலைக்கூடம்

சென்னையிலிருந்து எர்ணாகுளம் செல்லும் ரயில் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, ஷொர்ணூர் அருகே பாரதப்புழையின் பாலத்தில் ஏறுகிறது. பாலத்தைத் தாண்டிச் சற்று தூரத்தில் ஒரு சிறு நிலையம் தென்பட்டு மறைகிறது. விரைவு ரயில்கள் அங்கே நிற்பதில்லை. பெயர்ப் பலகையில் வள்ளத்தோள் நகர் என்று எழுதியிருக்கும். ஊரின் பழைய பெயர் செறுதுருத்தி. துருத்தி என்றால் ஆற்றிடைத் திட்டு என்பது தேவாரத் தலமான திருத்துருத்தியை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டாத செய்தி. ஆனைமலையில் பிறந்து மேற்கே ஓடும் அந்த ஆற்றை அங்குள்ளோர் நிளா என்றும் அழைக்கின்றனர்.

ஊருக்குக் கவிஞர் பெயரைச் சூட்டுவது நம் நாட்டில் அரிதன்று. ஆனால், மகாகவி வள்ளத்தோள் நாராயண மேனன் பிறந்தது இங்கன்று. அவர் புகழ்பெற்ற கவிதைகளிற் பெரும்பாலானவை எழுதப்பட்டதும் இங்கன்று. ஐம்பத்தெட்டை நெருங்கும் வயதில் ஓர் ஆடற்பள்ளியைத் தூக்கிக்கொண்டு இந்த ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தவர் அவர். அந்தப் பள்ளிதான் கேரள கலாமண்டலம். ஊரின் பெயர் மாறியது அவருடைய கவிதையால் மட்டுமன்று, அந்தப் பள்ளியாலும்தான்.

வள்ளத்தோள் 1878 அக்டோபர் 16 அன்று திரூரை அடுத்த சேந்நரையில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆங்கிலப் பள்ளியின் வாசலை மிதிக்காதவர். சமஸ்கிருதத்தைத் தாய்மாமன் ராமுண்ணி மேனனிடம் கற்றார். ஆயுர்வேதமும் அதே மரபில் வந்து சேர்ந்தது. இளமையிலேயே வால்மீகி ராமாயணம் முழுவதையும் மலையாளச் செய்யுளில் பெயர்க்க முனைந்து 1907-இல் முடித்தார். அப்போது வயது இருபத்தொன்பது. முப்பது வயதுக்குள் அத்தகைய பெரும்பணியை நிறைவேற்றிய ஒருவர், எஞ்சிய வாழ்நாளை அதன் புகழிலேயே கழித்திருக்கலாம்.

ராமாயணப் பணி முடிந்த சில ஆண்டுகளுக்குள் அவர் செவிப்புலனை இழந்தார். திருச்சூரில் ஓர் அச்சகத்தின் மேலாளராக இருந்த காலம் அது. அந்தத் துயரத்தை அவர் மறைக்கவில்லை. செவிடனின் புலம்பல் எனப் பொருள்படும் 'பதிரவிலாபம்' 1910-இல் வெளிவந்தது. மலையாளக் கவிதையில் ஒரு தனிமனிதன் தன் உடற்குறையை இவ்வளவு வெளிப்படையாகப் பாடுபொருளாக்கியது அன்று புதுமை. அதற்குப் பின் நாற்பத்தெட்டு ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அந்த ஆண்டுகள் முழுவதும் சந்தம் பிசகாத கவிதைகளை எழுதினார். அவருடைய சொல்லோசையின் இனிமையைப் புகழாத மலையாளத் திறனாய்வாளர் இல்லை. தம் கவிதையை எவரேனும் பாடிக் கேட்கும் வாய்ப்பு மட்டும் அவருக்கு இல்லை.

குமாரன் ஆசான், உள்ளூர் பரமேசுவர ஐயர், வள்ளத்தோள் என மும்மூர்த்திகளாக மலையாளிகள் இவர்களைக் குறிப்பிடுவர். நம் பாரதியைவிட நான்கு வயது மூத்தவர் வள்ளத்தோள். பாரதியைப் போலவே புராணத்தில் தொடங்கி நாட்டு விடுதலைக்கு வந்தவர். காந்தியடிகளை ஆசானாகப் போற்றி அவர் எழுதிய கவிதை கேரளம் முழுவதும் பரவியது. வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது தமக்கு அளிக்கப்படவிருந்த அரச மரியாதையை ஏற்க மறுத்தார். 'சாகித்திய மஞ்சரி' என்ற வரிசையில் தொகுதி தொகுதியாக அவருடைய கவிதைகள் வெளிவந்தன. இவற்றைப் பற்றி எழுதியவர்கள் பலர். இங்கே நாம் பேச வேண்டியது, இத்தகைய கவிஞர் ஏன் ஆட்டக்களரி ஒன்றின் வரவு செலவுக் கணக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டார் என்பதைப் பற்றி.

கதகளி நம்பூதிரி மனைகளிலும் அரண்மனைகளிலும் கோயில் முற்றங்களிலும் வளர்ந்த கலை. செல்வம் படைத்த மனை ஒன்று களியோகம் எனப்படும் குழுவை வைத்துப் பேணும். ஆசான், சீடர்கள், பாடகர், செண்டை, மத்தளக் கலைஞர், முகத்தில் சுட்டி இடுபவர் என அத்தனை பேருக்கும் அந்த மனையின் நெல்தான் சோறு போட்டது. பாலக்காட்டுப் பகுதியில் வெள்ளிநேழி ஒளப்பமண்ண மனை இதற்குப் பெயர்பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஏற்பாடு ஆட்டம் காணத் தொடங்கியது. கூட்டுக்குடும்பங்கள் பிரிந்தன, சொத்து பங்கானது. ஆங்கிலம் படித்துச் சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் வேலைக்குப் போன தலைமுறை, விடிய விடிய விளக்கின் முன் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதைப் பட்டிக்காட்டுப் பழக்கமாகக் கருதியது. ஆசான்கள் முதுமையடைந்தனர். கற்க வந்தவர்களுக்குப் பசி இருந்தது, களரி இல்லை.

வள்ளத்தோளுக்குக் கதகளி சிறுவயதிலேயே பழக்கம். ஆனால் செவி போன பிறகு அந்தக் கலை அவருக்கு வேறொன்றாகியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கதகளி நடிகர் வாய் திறந்து பேசுவதில்லை. பாட்டு பின்னால் நிற்பவருடையது. நடிகர் கையாலும் கண்ணாலும் புருவத்தாலும் கன்னத் தசையாலும் பேசுகிறார். அடிப்படை முத்திரைகள் இருபத்துநான்கு. அவற்றைச் சேர்த்துப் பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் வேற்றுமையும் காலமும் வரை காட்டலாம். நேரில் பேசுபவரின் குரல் எட்டாத ஒருவருக்கு, எதிரே நிற்பவர் முழு வாக்கியத்தையும் கையால் சொல்லும் இடம் உலகில் வேறு எங்கே கிடைக்கும்?

1927-இல் மணக்குளம் முகுந்தராஜாவோடு சேர்ந்து கேரள கலாமண்டலம் என்ற சங்கத்தைப் பதிவு செய்தார். முகுந்தராஜா அரச குடும்பத்தவர். இந்த வரலாற்றில் வள்ளத்தோளின் பெயருக்குப் பின்னால் அவர் பெயர் மங்கிப்போனது நியாயமன்று. இருவருக்கும் நிதி திரட்டத் தெரிந்த வழி லாட்டரி. மகாகவி என்று போற்றப்பட்டவர் சீட்டு விற்க ஊர் ஊராகச் சென்றார். படித்தவர் வீடுகளின் திண்ணையில் காத்திருந்தார். காது கேளாத ஒருவர் முன்பின் அறியாதவரிடம் பணம் கேட்பது எத்தகைய அனுபவம் என்பதை அவரவர் கற்பனைக்கே விடலாம். அந்த ஆண்டுகளில் அவர் எழுதாமல் விட்ட கவிதைகளை எண்ணி வருந்திய இலக்கிய அன்பர்கள் உண்டு. அவர்களுடைய வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது.

1930 நவம்பர் 9 அன்று குன்னங்குளத்தில் கலாமண்டலம் தொடங்கியது. சொந்தக் கட்டடம் இல்லை. பின்னர் திருச்சூருக்கு அருகிலுள்ள அம்பலபுரத்துக்கு இடம் மாறியது. 1936-இல் கொச்சி அரசரின் ஆதரவால் நிளாவின் கரையில் செறுதுருத்தியில் நிலைகொண்டது. அதே 1936-இன் தொடக்கத்தில்தான் சென்னை அடையாற்றில் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். ஒன்று பெருநகரின் ஓரத்தில், பிரம்மஞான சபையின் தோட்டத்தில். மற்றொன்று வயல்வெளிக்கு நடுவே, ரயில் சந்திப்பு ஒன்றின் மறுகரையில். கலாக்ஷேத்ராவிலும் கதகளி கற்பிக்கக் கேரளத்திலிருந்து அம்பு பணிக்கரும் சந்து பணிக்கரும் வந்தார்கள் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

இடத்தேர்வு பற்றி ஒரு சொல். ஷொர்ணூர் சென்னை மாகாணம், ஆற்றுக்கு இக்கரை கொச்சி சமஸ்தானம். மலபார், கொச்சி, திருவிதாங்கூர் என மூன்று ஆட்சிகளாகப் பிரிந்து கிடந்த மலையாள நாட்டில், கேரளம் என்ற பெயரைத் தாங்கிய அமைப்பு ஒன்று எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. கேரள மாநிலம் 1956-இல்தான் பிறந்தது. அதற்கு இருபத்தாறு ஆண்டுகள் முன்பே அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது ஓர் ஆட்டக்களரி.

பணத்தைவிடக் கடினமானது ஆசான்களைச் சேர்ப்பது. தென்னாட்டு வழியில் புகழ்பெற்ற குரு குஞ்சு குறுப்பு வந்தார். கல்லுவழிச் சிட்டையின் பெருமகனான பட்டிக்காந்தொடி ராவுண்ணி மேனன் வந்தார். ஒருவர் முகபாவத்தின் ஊற்று. மற்றவர் உடல்மொழியின் இலக்கணம். வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு மனைகளின் ஆதரவில் வளர்ந்த ஆசான்களை ஒரே கூரையின் கீழ் உட்கார வைப்பது எளிதன்று. அங்கே பாட்டோலையை மட்டுமா கற்பித்தார்கள்? விடியலுக்கு முன் எழுந்து கண்ணசைவுப் பயிற்சி, மழைக்காலத்தில் உடலெங்கும் எண்ணெய் தேய்த்து ஆசான் காலால் மிதித்து உழியும் உழிச்சில், பிறகு தாளப்பயிற்சி என ஒரு சிறுவனின் நாள் நகரும். பல ஆண்டுகள் கழித்தே அவன் முகத்தில் பச்சை ஏறும். அத்தனை ஆண்டுகளும் அவனுக்குச் சோறு வேண்டும், வேட்டி வேண்டும். மனை கொடுத்த நெல்லின் இடத்தை இப்போது வள்ளத்தோளின் உண்டியல் எடுத்துக்கொண்டது.

அந்த உண்டியலை நிரப்பக் குழுவை அழைத்துக்கொண்டு கல்கத்தா, சாந்திநிகேதன் என்று வடக்கே பயணம் செய்தார். அமெரிக்காவில் பிறந்து இந்திய நடனத்துக்குத் தம் வாழ்வைத் தந்த ராகினி தேவி 1930-களின் முற்பகுதியில் கலாமண்டலத்துக்கு வந்து பயின்றார். அங்கிருந்த கோபிநாத்தைத் துணைகொண்டு இந்தியா முழுவதும் ஆடினார். இரவு முழுவதும் நீளும் ஆட்டத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கிக் காட்டும் வழக்கம் இத்தகைய பயணங்களால் வலுப்பெற்றது. இது கலையைச் சிதைத்தது என்போர் இன்றும் உளர். நளசரிதத்தை நான்கு இரவுகளில் பார்த்துப் பழகியவர்களுக்கு அது சிதைவாகத்தான் தெரியும். ஆனால் அந்தச் சுருக்கமான நிகழ்ச்சிகள் ஈட்டிய காசில்தான் நான்கு இரவு ஆடத் தெரிந்த அடுத்த தலைமுறை உருவானது.

மோகினியாட்டத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. சுவாதித் திருநாள் அரசவையில் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவின் கைபட்டு மெருகேறிய ஆடல் அது. வள்ளத்தோள் கலாமண்டலத்தைத் தொடங்கியபோது அதை ஆடுவோர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தனர். ஆடும் பெண்களைச் சமூகம் எவ்வாறு பார்த்தது என்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சதிரின் கதையை நாம் அறிவோம். வள்ளத்தோளும் முகுந்தராஜாவும் ஊர் ஊராகத் தேடி, ஒரிக்கலேடத்துக் கல்யாணி அம்மையை முதல் ஆசிரியையாகக் கொண்டுவந்தனர். கற்க வந்த முதல் மாணவி தங்கமணி. அவர் பின்னர் கோபிநாத்தை மணந்து, இருவரும் சென்னையில் நடனம் கற்பித்தனர். ஆனால் வகுப்பு நீடிக்கவில்லை. மகளை ஆட அனுப்பப் பெற்றோர் முன்வரவில்லை. நின்றது, மீண்டும் தொடங்கியது, மீண்டும் நின்றது. 1930-களின் பிற்பகுதியில் அப்புறேடத்துக் கிருஷ்ண பணிக்கர் என்ற முதிய ஆசானிடம் கற்ற கல்யாணிக்குட்டி அம்மை போன்றோரால்தான் அந்த ஆடல் இன்றைய உருவம் பெற்றது.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சொல்லாமல் செல்வது சரியாகாது. தேவதாசிக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் குலத்தொழிலை மறுத்து உயிர்விடும் கதையை 'கொச்சு சீதை' என்ற காவியமாக வள்ளத்தோள் பாடியிருந்தார். தொழிலை வெறுத்த அதே கவிஞர், அந்தத் தொழிலோடு ஒட்டிக்கிடந்த ஆடலை வேண்டினார். ஆடலைக் கழுவி எடுத்து, பெயர் சொல்லக்கூடிய வீட்டுப் பெண்களின் கையில் கொடுத்தார். சிருங்காரம் மிகுந்ததாகக் கருதப்பட்ட உருப்படிகள் விலக்கப்பட்டன. சென்னையில் சதிர் பரதநாட்டியமானபோது நிகழ்ந்ததும் இதுவே. ஆடல் பிழைத்தது. அதைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவந்த பெண்களில் பலருடைய பெயர்கூட எஞ்சவில்லை. வள்ளத்தோளின் காலத்தவர் இதை ஓர் இழப்பாகக் கருதவில்லை. நாம் கருத வேண்டியிருக்கிறது.

1941-இல் கலாமண்டலத்தைக் கொச்சி அரசு ஏற்றுக்கொண்டது. பத்தாண்டுகளுக்கு மேல் உண்டியல் ஏந்திய கை அப்போதுதான் சற்று ஓய்ந்தது. விடுதலைக்குப் பின் சென்னை மாகாண அரசு அவரை மலையாளத்தின் ஆஸ்தான கவிஞராக அறிவித்தது. தமிழுக்கு அந்தச் சிறப்பு நாமக்கல் கவிஞருக்குக் கிடைத்ததை நாம் அறிவோம். 1954-இல் பத்மபூஷண் வந்தது. 1950-களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டுக்கும் சீனத்துக்கும் பயணம் செய்தார். முதுமையில் ரிக்வேதத்தை மலையாளத்தில் பெயர்த்தார். வேதத்தையும் சோவியத் நாட்டையும் ஒரே மனிதர் ஒரே காலத்தில் போற்றியது பலருக்குப் புரியவில்லை; அவருக்கு அதில் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. 1955-இல் வெள்ளி விழாவுக்கு ஜவாஹர்லால் நேரு செறுதுருத்திக்கே வந்தார்.

நான் இந்த வரலாற்றில் பெரிதும் மதிப்பது வேறொன்றை. மலையாளிகள் தம் பெயருக்கு முன் தறவாட்டுப் பெயரை இடுவது வழக்கம். அதைக் கேட்டவுடன் குலம் தெரிந்துவிடும். வள்ளத்தோள் என்பதே அத்தகைய வீட்டுப்பெயர்தான். ஆனால் இந்தக் களரியில் பயின்றவர்கள் அந்த இடத்தில் கலாமண்டலம் என்ற சொல்லை வைத்துக்கொண்டார்கள். கலாமண்டலம் கிருஷ்ணன் நாயர், கலாமண்டலம் ராமன்குட்டி நாயர், கலாமண்டலம் கோபி. ஆற்றின் மறுகரையிலுள்ள ஷொர்ணூரில் பிறந்து இங்கே பயின்று இங்கேயே முதல்வராகவும் ஆன கலாமண்டலம் சத்தியபாமா. பள்ளி பல ஊர்ப் பிள்ளைகளுக்குத் தறவாடானது.

அந்தத் தறவாட்டின் வாசல் எவ்வளவு அகலமானது என்பது 1957-இல் தெரிந்தது. வடக்காஞ்சேரிப் பக்கத்தைச் சேர்ந்த ஓர் ஏழை முஸ்லிம் சிறுவன் கதகளிப் பாட்டுப் படிக்கச் சேர்ந்தான். வயது பதினொன்று. வள்ளத்தோள் அப்போது உயிரோடிருந்தார். அந்தச் சிறுவன் கலாமண்டலம் ஹைதரலி என்று பெயர்பெற்ற பாடகரானார். கதகளியின் மேடை பெரும்பாலும் கோயில் மதிலுக்குள் இருந்தது. அங்கே அவருக்கு இடமில்லை. தென்கேரளத்தில் ஒரு கோயிலில் மதிலின் ஒரு பகுதியை இடித்து, மேடையை வெளியே நீட்டி, அவர் மதிலுக்கு வெளியே நின்று பாட, நடிகர் உள்ளே நின்று ஆடினார். களரி அவரை ஏற்றது. மதில் பாதிதான் ஏற்றது.

வள்ளத்தோள் 1958 மார்ச் 13 அன்று காலமானார். அவருக்குப் பின் நடந்தவற்றில் இரண்டைச் சொல்லலாம். 1965-இல் பைங்குளம் ராமச்சாக்கியார் கலாமண்டலத்தில் கூடியாட்டம் கற்பிக்கத் தொடங்கினார். சாக்கியர், நம்பியார் குலங்களில் பிறந்தவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த கலை மற்றவர்களுக்கும் திறந்தது. 1970-இன் தொடக்கத்தில் கேரளத்தில் நிலச்சீர்திருத்தச் சட்டம் முழுவீச்சில் நடைமுறைக்கு வந்தது. குத்தகை நிலம் உழுதவனுக்குப் போனது. மனைகளின் களஞ்சியம் காலியானது. உழுதவனுக்கு அது நியாயம். ஆனால் களியோகங்களின் சோறும் அதே களஞ்சியத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கலாமண்டலம் நாற்பது ஆண்டுகள் முன்பே வேரூன்றியிராவிட்டால் அந்த ஆண்டில் கதகளியின் கதி என்னவாகியிருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

சுற்றுவட்டாரத்துக்கு அந்தக் களரி என்னவாக இருந்தது என்பதைக் கலைஞர்களை மட்டும் கொண்டு அளக்க முடியாது. கிரீடம் குடைவதற்குக் குமிழ மரத்தை அறிந்த தச்சர் வேண்டும். அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்துச் சுட்டி இட ஒருவர் வேண்டும். செண்டைக்கும் மத்தளத்துக்கும் தோல் கட்ட, தமிழக எல்லையை ஒட்டிய பெருவெம்பைக் கைவினைஞர் வேண்டும். ஒரு நடிகர் ஒப்பனை முடித்து எழுந்து நிற்பதற்குள் எத்தனை வீட்டு அடுப்புகள் எரிகின்றன என்பதை அரங்கில் அமர்ந்திருப்பவர் காண்பதில்லை.

கலாமண்டலம் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். குஞ்சு குறுப்பிடம் கதகளி பயின்ற மிருணாளினி சாராபாயின் மகள் மல்லிகா சாராபாய் 2022-இல் அதன் வேந்தராக நியமிக்கப்பட்டார். பெண்கள் முறையாகக் கதகளி வேடம் பயில 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்களுக்கு மோகினியாட்ட வகுப்பு திறக்கப்பட்டது 2024-இல், அதுவும் ஓர் ஆண் கலைஞரின் நிறத்தை இழித்துப் பேசிய பேச்சு கேரளத்தையே கொதிக்க வைத்த பிறகு. அதே ஆண்டின் இறுதியில் நிதி நெருக்கடி என்று கூறித் தற்காலிக ஆசிரியர்களையும் ஊழியர்களையும் ஒரே ஆணையில் நீக்கினர்; எதிர்ப்பு எழுந்ததும் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆசானுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் தேடுவது இந்த நிறுவனத்துக்குப் புதிய வேலையன்று. சீட்டு விற்கப் போகும் கவிஞர்தான் இப்போது இல்லை.

பழைய வளாகம் நிளாவின் கரையில் அப்படியே இருக்கிறது. மணல் அள்ளப்பட்டு மெலிந்த ஆறு, கோடையில் புல் முளைத்துக் கிடக்கிறது. வள்ளத்தோள் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாகியிருக்கிறது. அவருடைய சமாதி அந்தப் பழைய வளாகத்துக்குள், ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. புதிய வளாகத்தில் வகுப்புகள் விடியற்காலையில் தொடங்குகின்றன. செண்டையில் கை வைக்கும் முன் மாணவர்கள் கருங்கல்லின் மேல் புளியங்கொம்பால் தட்டித் தாளம் பழகுகின்றனர்.